குழித்தட்டு நாற்று நெட்டையாகிப் போகிறது: பச்சை நிழல்வலையா காரணம்? எல்.இ.டி. போட்டால் சரியாகுமா?

நாற்றங்கால்_ஒட்டன்சத்திரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தக்காளி, மிளகாய் நாற்று 98 குழித் தட்டில் போடுகிறோம். குழியை நிரப்புவது மக்கிய தென்னை நார்க்கழிவு. கூரைக்கு 50% பச்சை நிழல்வலை, நாலு பக்கமும் அதே வலைதான். விதை போட்டதும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாள் போட்டு மூடி, முளைத்ததும் பிரித்து வைப்போம்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தக்காளி நாற்று வித்திலைக்குக் கீழேயே 6, 7 செ.மீ. வரை நீண்டுவிடுகிறது. தண்டு மெலிந்து, தண்ணீர் தெளித்தால் படுத்துக்கொள்கிறது. தட்டின் ஓரத்தில் இருப்பவை ஓரளவு குட்டையாகவும், நடுவில் இருப்பவை நெட்டையாகவும் வருகின்றன. உரத்தைக் குறைத்துப் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. மிளகாயில் இதே தொல்லை கொஞ்சம் குறைவு.

கேட்க வேண்டியது மூன்று. வலையின் பச்சை நிறம்தான் காரணமா? கடையில் விற்கும் ஊதா நிற எல்.இ.டி. விளக்கு போட்டால் தீருமா? ஃபோனில் இருக்கும் லக்ஸ் செயலியை வைத்து வெளிச்சம் போதுமா போதாதா என்று கண்டுபிடிக்க முடியுமா? பக்கத்துத் தோட்டத்தில் சாமந்தி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

தட்டு_நாற்று_கோவை பதில்:

வணக்கங்க. விளக்குக்குப் போகும் முன்னால் அடுக்கி வைக்கும் இடத்தைப் பாருங்கள். வித்திலைக்குக் கீழே உள்ள தண்டு நீண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியின் நீளம் முளைத்த முதல் இரண்டு மூன்று நாளிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எந்த வெளிச்சம் கொடுத்தாலும் அது சுருங்காது. மேலே வரும் கணுக்களைத்தான் குட்டையாக்க முடியும்.

பாலித்தீன் மூடாக்குக்குள் தட்டு இருக்கும்போது விதைக்கு இருட்டு, சூடு, ஈரம் மூன்றும் கிடைக்கும். முளைப்புக்கு அது நல்லது. ஆனால் முளை வெளியே தலைகாட்டிய பிறகும் இருட்டிலேயே இருந்தால் சேமிப்பு உணவு முழுவதையும் தண்டை நீட்டுவதற்கே செலவழிக்கும். வெளுத்த தண்டு, மடங்கிய கொண்டை, விரியாத மஞ்சள் வித்திலை, இவைதான் அதற்கு அடையாளம். தக்காளி 27, 28 டிகிரி சூட்டில் நான்காம் நாளே முளைக்கத் தொடங்கும். மிளகாய்க்கு ஆறு முதல் எட்டு நாள் ஆகும். இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்து ஒரே நாளில் பிரித்தால் தக்காளி கெட்டுப்போகும். உங்களுக்கு மிளகாயில் தொல்லை குறைவாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் நாளிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் அடுக்கின் நடுத்தட்டை உருவிப் பாருங்கள். நடுவில்தான் சூடு அதிகம், அங்கேதான் முதலில் முளைக்கும். மேல்தட்டை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தாமதமாகிவிடும். நூறு குழியில் ஐந்தாறு குழியில் நார்க்கழிவு வெடித்துத் தண்டு வளைவு தெரிந்தாலே போதும், அன்றைக்கே அடுக்கைப் பிரித்துவிட வேண்டும். எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மீதி விதை வெளிச்சத்திலும் முளைக்கும், மேல்பரப்பு காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓரம் குட்டை, நடு நெட்டை என்றீர்களே, அது வேறு கதை. தட்டுகளை இடைவெளியில்லாமல் ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் நிஜ இலை விரிந்ததும் இரண்டு தட்டுக்கு நடுவே ஒரு சாண் விடுங்கள். இடம் இல்லை என்றால் 98 குழிக்குப் பதில் 50 குழித் தட்டு. தரையில் வைக்காமல் கம்பிப் படுக்கையில் வைத்தால் காற்றும் கீழே ஓடும், வேரும் குழிக்குள்ளேயே நிற்கும்.

பகல், இரவு வெப்ப வித்தியாசத்தையும் கவனியுங்கள். இரவைவிடப் பகல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கணுவிடை நீளும். மழை என்று பக்கத்தில் பாலித்தீன் இறக்கிக் கட்டினால் பகல் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கி, நாற்று இன்னும் ஓடும். மழை விட்டதும் தூக்கிவிட வேண்டும்.

---

தாவர_வினையியல் பதில்:

மேலே கோவை நண்பர் சொன்னது சரியான தொடக்கம். ஓரம்–நடு வேறுபாட்டுக்கான காரணத்தை மட்டும் நான் விரித்துச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வலை நிறக் கேள்விக்கு விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

இலை 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. அதற்கு அப்பால் 700 முதல் 800 வரை இருப்பது தொலைச்சிவப்பு. நம் கண்ணுக்கு அது ஏறக்குறையத் தெரியாது. இலை சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும், தொலைச்சிவப்பை ஊடுருவ விடும் அல்லது பக்கவாட்டில் திருப்பி அனுப்பும். திறந்த வெயிலில் சிவப்பும் தொலைச்சிவப்பும் ஏறத்தாழ சமம், சிவப்பு சற்றுக் கூடுதல். விகிதம் சுமார் 1.2. அடர்ந்த இலைக்குக் கீழே அது 0.2 அளவுக்கும் இறங்கிவிடும்.

இந்த விகிதத்தை அளக்கும் நிறமி ஒன்று செடிக்குள் இருக்கிறது, பைட்டோகுரோம். அதற்கு இரண்டு வடிவம். 660 நானோமீட்டர் சிவப்பு பட்டால் செயல்படும் வடிவத்துக்கு மாறும், 730 நானோமீட்டர் தொலைச்சிவப்பு பட்டால் பழையபடி செயலற்ற வடிவத்துக்குத் திரும்பும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் விதையைக் கொண்டு 1952-இல் இதைக் காட்டினார்கள். சிவப்பு, தொலைச்சிவப்பு என்று மாற்றி மாற்றி எத்தனை முறை ஒளி காட்டினாலும், கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் விதை முளைத்தது, தொலைச்சிவப்பு என்றால் உறங்கியது. லெட்டூஸ், செலரி விதையை ஆழமாக மூடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

நாற்றில் நடப்பது இப்படி. பைட்டோகுரோம் செயல்படும் வடிவத்தில் இருக்கும் வரை, தண்டை நீட்டச் சொல்லும் சில புரதங்களை அது அழித்துக்கொண்டே இருக்கும். தொலைச்சிவப்பு கூடினால் அந்தப் புரதங்கள் தப்பித்து, ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியின் சுரப்பைத் தூண்டி, தண்டை நீள வைக்கும். தட்டின் நடுவில் உள்ள நாற்றுக்கு நாலு பக்கமும் பச்சை இலை. ஒன்றன் நிழல் மற்றொன்றின் மேல் விழுவதற்கு முன்பே, பக்கத்து இலையிலிருந்து திரும்பி வரும் தொலைச்சிவப்பை வைத்து அது நெருக்கடியை உணர்ந்துவிடுகிறது. ஓரத்து நாற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருப்பதால் அந்த அளவுக்கு இல்லை. ஆக, மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் நெருக்கம் குறையாமல் நடு நாற்றின் நெட்டை முழுதாகத் தீராது. இடைவெளிதான் முதல் மருந்து.

இப்போது வலை. கறுப்பு வலை எல்லா அலைநீளத்தையும் ஒரே மாதிரி குறைக்கும், ஒளியின் சேர்க்கை மாறாது. பச்சை வலை அப்படியல்ல. அதன் சாயம் நீலத்திலும் சிவப்பிலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, பச்சையையும் தொலைச்சிவப்பையும் கூடுதலாக விடும். இலை நிழலின் குணம் கொஞ்சம் அதற்கு வந்துவிடுகிறது. நீலம் குறைவதும் தண்டை நீட்டும். நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற தனி நிறமி இருக்கிறது, அதன் வேலையும் தண்டு நீட்சியைத் தடுப்பதுதான். ஆனாலும் வலையின் இழைகள்தான் நிறம் மாற்றுகின்றன, இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை வழியே வரும் வெயில் மாறாமல்தான் வருகிறது. ஆகவே 50% வலையில் நிறத்தின் விளைவு உண்டு, ஆனால் மிதமானது. 75% வலையில் கூடும். புதிதாக வாங்கும்போது கறுப்போ வெள்ளையோ வாங்குங்கள். வெள்ளை வலை ஒளியைச் சிதறடிப்பதால் நடு நாற்றுக்கும் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கிடைக்கும். உள்ள வலையை இதற்காக இப்போதே கழற்றி எறிய வேண்டியதில்லை.

பக்கச்சுவர் வலையைப் பற்றி ஒரு சொல். கிழக்கு மேற்குப் பக்கங்களில் காலை மாலைச் சாய்வெயில் நாற்றின் தண்டில் நேராகப் படுவது நல்லது. பூச்சி வராமல் தடுப்பதுதான் நோக்கம் என்றால், அங்கே பச்சை நிழல்வலைக்குப் பதில் நிறமற்ற 40 கண் பூச்சித்தடுப்பு வலை கட்டுங்கள்.

---

நாற்றங்கால்_ஒட்டன்சத்திரம் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. தட்டுகள் ஒட்டித்தான் இருக்கின்றன, தக்காளியும் மிளகாயும் ஒரே அடுக்குதான். மாற்றிவிடுகிறோம்.

ஃபோனில் அளந்து பார்த்தேன். மேகமூட்டத்தில் காலை 11 மணிக்குத் திறந்த வெளியில் 24,000 லக்ஸ், வலைக்குள் தட்டு மட்டத்தில் 7,500. இது போதுமா? போதாது என்றால் 4 அடிக்கு 2 அடி இரும்பு அடுக்கு ஒன்று இருக்கிறது, அதில் விளக்கு கட்டலாம் என்று எண்ணம்.

---

மாடி_மின்விளக்கு பதில்:

ஊதா விளக்கே வாங்குங்க. இலைப்பச்சையம் நீலத்தையும் சிவப்பையும்தான் உறிஞ்சும், பச்சை ஒளி செடிக்கு வீண். வெள்ளை விளக்கில் பாதிக் கரண்ட் பச்சைக்கே போயிடும்.

---

ஒளி_அளவை பதில்:

மேலே உள்ள பதிலில் பரவலான ஒரு பிழை இருக்கிறது. இலைப்பச்சையத்தைத் தனியே பிரித்துக் குப்பியில் கரைத்து அளந்தால் பச்சை உறிஞ்சல் மிகக் குறைவுதான். முழு இலை வேறு. இலைக்குள் நுழைந்த பச்சை ஒளி செல்களுக்கு நடுவே மோதித் திரும்பி அலைவதால், பெரும்பாலான இலைகள் பச்சையிலும் 70 முதல் 90% வரை உறிஞ்சிவிடுகின்றன. சிவப்பும் நீலமும் மேல் அடுக்கிலேயே தீர்ந்துபோக, பச்சை இலையின் அடி அடுக்கு வரை போய் அங்கே உணவு தயாரிக்க உதவுகிறது. மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து 1972-இல் வெளியிட்ட வரைபடத்திலேயே, பச்சைக்கு நல்ல பங்கு இருப்பது தெரியும்.

ஊதா விளக்கில் நடைமுறைத் தொல்லையும் உண்டு. அந்த வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். இலைப்பேன் சேதமோ, நாற்றழுகலின் தொடக்கமோ, இரும்புச்சத்துக் குறைவோ கண்ணுக்குப் படாது. நீலமே இல்லாமல் சிவப்பு மட்டும் கொடுத்தால் தக்காளி இலையில் சிறு கொப்புளங்கள் வரும், நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். நாற்றுக்கு 10 முதல் 20% நீலம் இருந்தால் தண்டு கட்டுப்படும். சாதாரண குளிர்வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கில், பெட்டியில் 6500 கே என்று போட்டிருப்பதில், அதைவிடக் கூடவே நீலம் இருக்கிறது. தொலைச்சிவப்பு அதில் மிகக் குறைவு. நாற்றைக் குட்டையாக வைக்க இரண்டும் சாதகம். பழைய குண்டு பல்பு இதற்கு நேர்மாறு: தொலைச்சிவப்பும் சூடும்தான் அதிகம், நாற்றை நீட்டிவிடும்.

இனி உங்கள் கணக்கு. செயலியில் அளக்கும்போது ஃபோன் மாடலுக்கு மாடல் எண் மாறும். ஆனால் ஒரே ஃபோனில், ஒரே நிமிடத்தில், உள்ளேயும் வெளியேயும் அளந்து வகுத்தால் கிடைக்கும் விகிதத்தை நம்பலாம். உங்களுக்கு 7,500-ஐ 24,000-ஆல் வகுத்தால் 31%. 50% வலை என்று சொல்லி வாங்கியது 31% தான் உள்ளே விடுகிறது. தூசி, பாசி, இரண்டு வலை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது, பக்கச்சுவர் வலை எல்லாம் சேர்ந்து இப்படி ஆகும். நிஜ நிலைமை இதைவிட மோசம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். லக்ஸ் அளவி மனிதக் கண்ணைப் போல 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அதிகம் துடிக்கும், பச்சை வலைக்குக் கீழே உள்ளதைக் கூட்டிக் காட்டும்.

பகல் ஒளிக்கு லக்ஸை 54-ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்று வரும். 7,500-க்கு சுமார் 139. இதே அளவு பத்து மணி நேரம் மாறாமல் இருந்தது என்று தாராளமாக வைத்தாலும், 139 பெருக்கல் 36,000 நொடி, அன்றைய மொத்தம் 5 மோல்தான் (பத்து லட்சம் மைக்ரோமோல் சேர்ந்தது ஒரு மோல்). தக்காளி, மிளகாய் நாற்றுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மோல் இருந்தால் தண்டு திரளும். 8-க்குக் கீழே இறங்கினால் மெலியும். தெளிந்த வெயில் நாளில் வெளியே 40 மோல் தாண்டும், அப்போது உங்கள் வலைக்குள்ளும் 12 வந்துவிடும். அதனால்தான் மழை பிடித்த பிறகு தொல்லை ஆரம்பித்திருக்கிறது.

ஆகவே செலவில்லாத வழி, மேகமூட்டமான நாட்களில் கூரை வலையைச் சுருட்டிவிடுவது. கம்பியில் வளையம் போட்டு, ஒரு முனையில் கயிறு கட்டினால் ஒருவரே இழுத்துவிடலாம். பலத்த மழைக்கு நாற்று அடிபடும் என்றால், வலைக்குப் பதில் 200 மைக்ரான் நிறமற்ற பாலித்தீன் தாள் கூரை போடுங்கள். புதிதில் 85% போல ஒளியை விடும். தூசியை மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். வெயில் வந்தால் வலையை மறுபடி இழுக்க மறக்கக் கூடாது.

அடுக்கில் விளக்கு கட்டித்தான் தீர வேண்டும் என்றால்: 120 × 60 செ.மீ. தளத்தில் 98 குழித் தட்டு நாலு வைக்கலாம், 392 நாற்று. பரப்பு 0.72 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் கொடுத்தால் நாளுக்கு 11.5 மோல். அதற்குத் தளம் முழுவதிலும் சேர்த்து நொடிக்கு 144 மைக்ரோமோல் விழ வேண்டும். பக்கவாட்டில் சிதறி வீணாவதையும் சேர்த்தால் விளக்கிலிருந்து 175 முதல் 185 வெளிவர வேண்டும். 20 வாட், 2,000 லூமன் குளிர்வெள்ளைக் குழல் ஒன்று ஏறத்தாழ 29 தரும். ஆறு குழல் போதும், 10 செ.மீ. இடைவெளியில் இணையாக. மொத்தம் 120 வாட், 16 மணி நேரத்துக்கு 1.92 யூனிட். மூன்று நாலு பக்கமும் வெள்ளை அட்டையோ வெள்ளை பெயின்ட் அடித்த தகரமோ சாய்த்து வைத்தால் ஓரத்துத் தட்டுகளுக்கும் சமமாகக் கிடைக்கும்.

உயரம் இலை நுனியிலிருந்து 20 முதல் 25 செ.மீ. நாற்று வளர வளர விளக்கை ஏற்ற வேண்டும், அதற்குச் சங்கிலியில் தொங்கவிடுவது வசதி. சரிபார்க்க அதே ஃபோன் செயலி போதும். ஆனால் இந்த விளக்குக்கு 54-க்குப் பதில் 70-ஆல் வகுக்க வேண்டும். அதாவது தட்டு மட்டத்தில் 14,000 லக்ஸ் காட்டினால் 200 மைக்ரோமோல். ஊதா விளக்குக்கு லக்ஸ் எண் எதற்கும் உதவாது.

24 மணி நேரமும் எரிய விடாதீர்கள். தக்காளிக்கு இருட்டு வேண்டும், தொடர்ந்து வெளிச்சம் பட்டால் இலை வெளுத்துக் கருகும். 16 மணி நேரத்துக்கு நேரக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று மாட்டிவிடுங்கள். தண்ணீர் தெளிக்கும் இடம் என்பதால் நீர்த்தெளிப்பைத் தாங்கும் ஐ.பி. 65 தரமுள்ள குழல், மண்ணிணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் மூன்றும் இல்லாமல் இணைப்பு கொடுக்கவே கூடாது.

பெட்டியில் "1000 வாட்" என்று அச்சிட்ட மலிவு வளர்ப்பு விளக்குகள் நிஜத்தில் 100 வாட்கூட இழுப்பதில்லை. வாட் அளவியில் மாட்டிப் பார்த்து, ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் என்று தரவுத்தாள் தருகிறவர்களிடம் மட்டும் வாங்குங்கள். 2.5-க்கு மேல் இருந்தால் நல்ல விளக்கு. மேலே சொன்ன சாதாரணக் குழல் 1.5-க்குப் பக்கத்தில்தான் வரும், ஆனால் விலையும் கிடைப்பதும் அதற்குச் சாதகம்.

---

மாடி_மின்விளக்கு பதில்:

பச்சை ஒளி பற்றிச் சொன்னது புதுத் தகவல், நன்றிங்க. அப்படியென்றால் பெரிய பசுமைக்குடில்களில் ஏன் ஊதா வெளிச்சமாகத் தெரியுது?

---

ஒளி_அளவை பதில்:

மின்சாரக் கணக்குதான் காரணம். ஒரு யூனிட் கரண்டுக்கு அதிக ஒளித்துகள் தருவது 660 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி. அங்கே பகலில் சூரியனும் சேர்கிறது, ஆகவே பச்சைக்குக் குறைவில்லை, கொப்புளமும் வராது. விளக்கை மட்டும் நம்பி இருக்கும் மூடிய அறையில் வெள்ளையை அடிப்படையாக வைத்து, வேண்டுமென்றால் கொஞ்சம் சிவப்பு சேர்ப்பதுதான் நல்லது.

---

ஓசூர்_கொய்மலர் பதில்:

பக்கத்தில் சாமந்தி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விளக்கு கட்டும் முன் அதை யோசித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பூ வராது.

சாமந்தி நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு கட்டும். நம் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குள் அடங்கிவிடுவதால், தானாகவே சீக்கிரம் மொட்டுக்கு வந்துவிடும். கொய்மலருக்கு நீண்ட காம்பு வேண்டும் என்பதால் பசுமைக்குடிலில் நட்ட பிறகு ஏறத்தாழ நாலு வாரம் இரவு 10 முதல் 2 மணி வரை விளக்கு எரிப்பார்கள். நீண்ட இரவு இரண்டாக வெட்டுப்படும், செடி பகல் நீண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தண்டை வளர்க்கும். அதற்குச் செடி நுனியில் 100 லக்ஸ் இருந்தாலே போதும். நாலு மணி நேரமும் தொடர்ந்து எரிக்கக்கூட வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை ஆறு நிமிடம் எரிந்து 24 நிமிடம் அணைந்தாலும் வேலை நடக்கும்.

இங்கேயும் வேலை செய்வது வினையியல் நண்பர் சொன்ன அதே பைட்டோகுரோம்தான். 660 சிவப்பு இரவை வெட்டும். உடனே 730 தொலைச்சிவப்பு காட்டினால் வெட்டியது வெட்டாதது போல் ஆகிவிடும். குண்டு பல்பில் இரண்டும் கலந்திருப்பதால் இரவு வெட்டுப்பட்டாலும் கணு நீண்டு காம்பு தளரும். சிவப்பு எல்.இ.டி.யில் அந்தத் தளர்ச்சி குறைவு, மின்சாரமும் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். வியட்நாமில் டிராகன் பழத் தோட்டங்களில் பருவமில்லாத காலத்தில் இரவு விளக்கு எரிப்பதும் இதே தத்துவம்தான், ஆனால் எதிர்ப்பக்கம்: அது நீண்ட பகலில் பூக்கும் செடி, இரவை வெட்டினால் பூ வரும்.

நாற்று அடுக்கின் விளக்கு தட்டில் 14,000 லக்ஸ் கொடுக்கிறது. அதிலிருந்து 20, 30 லக்ஸ் வேலி தாண்டிச் சிதறினாலே சாமந்தியின் அந்த ஓரத்து வரிசைகள் மொட்டுக்கு வராமல் தழையாகவே நிற்கும். நிலவொளி அரை லக்ஸ்கூட இருக்காது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆகவே அடுக்கைச் சுவருள்ள அறைக்குள் வையுங்கள். வலைக்குடிலுக்குள்தான் வைக்க முடியும் என்றால், சாமந்தி இருக்கும் பக்கம் கறுப்புத் தாள் தொங்கவிட்டு, இருட்டிய பிறகு வேலிப் பக்கம் நின்று ஃபோனில் அளந்து பாருங்கள். செயலி பூச்சியம் காட்ட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் இரவில் எரிப்பதை விட்டுவிட்டு, மேகமூட்டப் பகலில் மட்டும் காலை 6 முதல் மாலை 6 வரை எரியுங்கள். 16 மணி நேரக் கணக்கு 12 ஆவதால் விளக்கு ஆறுக்குப் பதில் எட்டு வேண்டியிருக்கும்.

---

தாவர_வினையியல் பதில்:

ஓசூர் நண்பர் சொன்னதோடு இன்னொன்று. தண்டு நீள்வது எல்லா இடத்திலும் குறை அல்ல. சுண்டைக்காய் வேர்ச்செடியில் கத்தரி ஒட்டுக்கட்டுகிறவர்களுக்கு வேர்ச்செடியின் தண்டு நீளமாக இருந்தால்தான் ஒட்டு மண்ணுக்கு மேலே பாதுகாப்பாக நிற்கும்; ஒட்டு மண்ணில் புதைந்தால் மேல்செடி தானே வேர்விட்டு, வாடல் நோய் வரும். அங்கே அந்தி நேரத்தில் கொஞ்ச நேரம் தொலைச்சிவப்பு காட்டி, அதற்குப் பின் இருட்டில் விட்டால் தண்டு நீளும். அந்தியில் கடைசியாகப் பட்ட ஒளியின் நிறத்தைத்தான் செடி இரவு முழுவதும் வைத்துக்கொள்கிறது. அதே காரணத்துக்காக, காய்கறி நாற்றுக்கு மாலையில் குண்டு பல்பு எரிப்பது மிகத் தவறு.

புற ஊதாவையும் விட்டுவிடக் கூடாது. குளிர்வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதா இல்லை. அதன் கீழேயே வளர்ந்த நாற்றின் இலையில் மெழுகுப் படலம் மெல்லியதாக இருக்கும், நேரே வயலுக்குக் கொண்டுபோனால் நடவன்றே இலை வெந்துவிடும். முதல் இரண்டு நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு ஏற்றிக்கொண்டே போய் ஒரு வாரத்தில் முழு வெயில் என்று பழக்குங்கள். தண்ணீரையும் அந்த வாரம் இழுத்துப் பிடித்துக் கொடுங்கள். பாலித்தீன் கூரை வாங்கும்போதும் இதே கேள்வி வரும்: புற ஊதாவை முழுதாகத் தடுக்கும் தாளுக்குக் கீழே வெள்ளை ஈ திசை தெரியாமல் குறையும், நாற்றங்காலுக்கு அது நல்லது. ஆனால் காய்க்கும் வரை அதே தாளின் கீழ் கத்தரி வளர்த்தால் காயின் ஊதா நிறம் வெளிறும், தேனீயும் தடுமாறும்.

---

நாற்றங்கால்_ஒட்டன்சத்திரம் எழுதியது:

அருமை. கூரை வலையைச் சுருட்டும் ஏற்பாடு செய்கிறோம், அறைக்குள் ஒரு அடுக்கு மட்டும் விளக்கு. கடைசியாக ஒன்று: இப்போது நெட்டையாகி நிற்கும் நாற்றுகளை என்ன செய்வது? வீசிவிட வேண்டியதுதானா?

---

தட்டு_நாற்று_கோவை பதில்:

தக்காளியை வீச வேண்டாங்க. அதன் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். குழியை ஆழமாக எடுத்து, வித்திலைக்கு ஒட்டி வரும் வரை புதைத்து நடலாம். ரொம்ப நீளம் என்றால் சாய்த்துப் படுக்க வைத்து, நுனி மட்டும் மேலே தெரிய மூடுங்கள். நடும் முன் வித்திலையைக் கிள்ளிவிடுங்கள், மண்ணுக்குள் அழுகினால் நோய்க்கு வழியாகும். மழைக்காலம் என்பதால் பாத்தி உயரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் ஆழ நட்டது முழுக்கப் போய்விடும். ஒட்டு நாற்றாக இருந்தால் மட்டும் இப்படிப் புதைக்கவே கூடாது.

இன்னும் தட்டிலேயே இருக்கும் தக்காளிக்குக் காலை, மாலை இலை ஈரம் காய்ந்த பிறகு, வழவழப்பான பி.வி.சி. குழாய் ஒன்றைக் கிடைமட்டமாகப் பிடித்து நாற்றின் தலையை லேசாகத் தடவிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து முறை. தொடும் அசைவுக்கே தண்டு குட்டையாகித் தடிக்கும். பத்து நாளில் புதிய கணுக்களில் வித்தியாசம் தெரியும். இலைப்புள்ளி நோய் தட்டுப்பட்டிருந்தால் செய்ய வேண்டாம், குழாயே நோயைப் பரப்பிவிடும்.

மிளகாய் அப்படி இல்லை. தண்டில் வேர்விடும் தன்மை குறைவு, ஆழ நட்டால் கழுத்தழுகல் வரும். குழாய் தடவினாலும் இலை கிழியும். மிளகாய்த் தட்டுகளைப் பிரித்து இடைவெளி விட்டு, வலையைச் சுருட்டிய வெளிச்சத்தில் ஒரு வாரம் வையுங்கள். அதற்குப் பிறகும் நிமிர்ந்து நிற்காத நாற்றை விவசாயிக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக விதைத்துவிடுவதே நல்லது, முப்பத்தைந்து நாற்பது நாளில் நல்ல நாற்றாகவே கொடுக்கலாம்.